மோதிரவிரல் தனியாக எழாது

போன ஆடித் தள்ளுபடியில் இணையத்தில் ஒரு கருவி வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சட்டம். அதில் விரலுக்கொன்றாக நான்கு ஸ்பிரிங் கட்டைகள். அமுக்கினால் இறங்கும், விட்டால் எழும். கிதார் வாசிக்கும் விரல்களுக்கு இரும்பு வலிமை தரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. 47 வயதில் கிதார் கற்கக் கிளம்பியவனுக்கு வேறென்ன வேண்டும்? பேருந்திலும் டீக்கடையிலும் அதை அமுக்கிக்கொண்டே திரிந்தேன். மூன்றாவது வாரம் காபி டம்ளரைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்தது.

"இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு எங்க மாஸ்டரை வந்து பாரு" என்றார் நண்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் கிதாரையும் வண்டியில் ஏற்றிப் பெரம்பூருக்குக் கூட்டிப்போனார்.

சென்னையின் பெரம்பூர் ரயில்வேக்காரர்களின் ஊர். பழைய ரயில்வே பட்டறைகளும் 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டவை. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த பகுதி என்பதால் கிதாருக்கும் இங்கே வேர் உண்டு. மாஸ்டரின் அப்பா பட்டறையில் ஃபிட்டர். மகன் கிதாரைத் தொட்டது தேவாலயத்துப் பாடகர் குழுவில். அப்புறம் கோடம்பாக்கத்துப் பாடல்பதிவுகளில் கிதார் வாசித்தார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். முன்னறையில் பாடம் எடுக்கிறார்.

என் ஸ்பிரிங் கருவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தேங்காய் உரிக்கவா தம்பி?" என்று கேட்டுவிட்டு மேசையைக் காட்டினார்.

"கையைக் கவுத்து வைங்க. நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளங்கைக்குக் கீழே கொடுங்க. இப்போ ஒவ்வொரு விரலாத் தூக்குங்க."

படிக்கிற நீங்களும் செய்து பாருங்கள். பெருவிரல் எழும். ஆள்காட்டி எழும். சுண்டுவிரலும் ஒப்புக்கு எழும். மோதிரவிரல் மட்டும் ஆணி அடித்தாற்போலக் கிடக்கும். பலம் இல்லாததால் அல்ல. விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசையே கிடையாது. தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் பொம்மலாட்டக் கயிறு மாதிரி வந்து விரல்களை இழுக்கின்றன. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றையும் நீட்டும் நாண்களுக்கு இடையே புறங்கையில் குறுக்குப் பட்டைகள் ஓடுகின்றன. நடுவிரலை மடக்கிக் கட்டிப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுண்டு போகிறார்.

"இதை ஸ்பிரிங் வச்சு அறுக்க முடியுமா?" என்றார் மாஸ்டர். "ஷூமன்னு ஒரு பெரிய ஆள். அவரும் விரலுக்குக் கருவி மாட்டினவர்தான்."

ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் பியானோக் கலைஞராக வர ஆசைப்பட்டவர். 1830-களின் தொடக்கத்தில், இருபதுகளில் இருந்தபோது, வலக்கை நடுவிரலைப் பழக்க ஒரு கருவியைப் பயன்படுத்தினார். அந்தக் கை தேறவில்லை. மேடை வாசிப்பை விட நேர்ந்தது. கருவிதான் கெடுத்தது என்று சிலரும், வேறு நோய் என்று சிலரும் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு முழங்கை சுண்டியது போதும்; நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து மாஸ்டர் என் கிதாரை எடுத்தார். ஒரு சிறு இரும்பு ஸ்கேலை, கழுத்தில் குறுக்கே ஓடும் 12-ஆவது ஃபிரெட் கம்பியின் மேல் நிறுத்தி, தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். 4 மில்லிமீட்டர். இரும்புத்தந்தி கிதாருக்கு அங்கே 2.5 மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். "உங்க விரலுக்குப் பலம் பத்தலைன்னு நினைச்சீங்க. கிதாருக்கு இடுப்பு சரியில்லை." கீழே தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டை உருவினார். அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டு உப்புத்தாளில் தேய்த்தார். 12-ஆவது ஃபிரெட் தந்தி நீளத்தின் சரிபாதி. அதனால் அங்கே 1 மில்லிமீட்டர் குறைய, கீழே 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்த்தால் தந்தி ஃபிரெட்டில் இடித்து இரையும் என்று அன்றைக்கு அந்த இரண்டோடு நிறுத்தினார். அரை மணி நேர வேலை. திரும்ப வாங்கி அமுக்கினால் வெண்ணெய்! எனக்கு இதை விற்ற கடைக்காரர் அந்த அரை மணி நேரத்தைச் செலவழித்திருந்தால், ஸ்பிரிங்குக்கும் வலிக்கும் வேலையே வந்திருக்காது.

இடக்கைக்கு அவர் தந்த முதல் பாடம், அமுக்காமல் இருப்பது. விரலைத் தந்தியின் மேல் சும்மா வைத்து வலக்கையால் மீட்ட வேண்டும். 'டொக்' என்று செத்த ஒலி வரும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டினால் முதலில் இரைச்சல், பிறகு திடீரென்று சுத்தமான ஸ்வரம். அந்த எல்லையில் நின்றுகொள்ள வேண்டும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கிராமும் வீண். ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றே பின்னால் விரலை வைத்தால் மிகக் குறைந்த அழுத்தமே போதும். அடுத்து, நான்கு விரல்களும் நான்கு ஃபிரெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சிலந்திப் பயிற்சி. இதில் கவனிக்க வேண்டியது நடக்கும் விரலை அல்ல, சும்மா இருக்கும் விரல்களை. என் சுண்டுவிரல் ஒவ்வொரு தடவையும் தேநீர் குடிக்கும் துரைசானி போல விறைத்து நின்றது. "அதைத் திட்டாதீங்க. அது பயத்துல நிக்குது. வேகத்தைக் குறைங்க, தானா இறங்கும்" என்றார்.

விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்புக்கு வலக்கைதான் சமையலறை. பெருவிரல் தடித்த தந்திகளில் அடித்தளம் போட, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை எடுக்கும். ஒரே கையில் இரண்டு ஆட்கள். நம் வீணையிலும் இந்தப் பங்கீடு உண்டு: ஆள்காட்டியும் நடுவிரலும் மீட்டும்போது சுண்டுவிரல் பக்கத்துத் தந்திகளில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். கிதாரில் விரல்களுக்கு ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்து வழங்குகிறது. பி, ஐ, எம், ஏ. ஏ என்பது அனுலார், நம்முடைய அதே முரட்டு மோதிரவிரல். மௌரோ ஜூலியானி என்ற இத்தாலியர் 1812 வாக்கில் வியன்னாவில் வெளியிட்ட முதல் நூலிலேயே வலக்கைக்கு 120 பயிற்சிகள் எழுதினார். நூற்றிருபதும் இரண்டே இரண்டு கார்ட்ஸில் அமைந்தவை. இடக்கைக்கு வேலை வைக்காவிட்டால்தானே மனம் முழுக்க வலக்கையில் இருக்கும்!

மாஸ்டர் அதில் பத்தைத்தான் கொடுப்பாராம். அதற்கு முன்னால் பெருவிரல் மட்டும், ஒரு வாரம். "ரயில் சக்கரம் மாதிரி ஓடணும். ஓட்டிக்கிட்டே என்கிட்ட பேசுங்க." பேசினேன். மதியம் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லும்போது சாம்பாரில் சக்கரம் தடம்புரண்டது. "பேச்சு தடுமாறாம ஓடுச்சுன்னா பெருவிரல் பழகிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் பெருவிரலோட சேர்ந்து விழற மாதிரி ஒரே ஒரு ஸ்வரம். அப்புறம் ரெண்டு அடிக்கு நடுவுல ஒண்ணு. விரல் தனித்தனியா பிரியறது கையில இல்ல தம்பி, இங்க" என்று நெற்றியைத் தொட்டார்.

 

எத்தனை விரல் வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். அமெரிக்காவின் கென்டக்கி நிலக்கரிப் பகுதியில் பிறந்த மெர்ல் டிராவிஸ் பெருவிரலையும் ஆள்காட்டியையும் வைத்தே பெயர் வாங்கினார். அவர் வாசிப்பை வானொலியில் கேட்ட இளைஞர் செட் அட்கின்ஸ், இரண்டு விரலில் இவ்வளவு வராது என்று நம்பி, இன்னும் கூடுதல் விரல்களைப் பழக்கினார். தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்த பாணி அது. ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல், 18 வயதில், வண்டிவீடு தீப்பிடித்து இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கின. மிஞ்சிய இரண்டு விரல்களால்தான் ஐரோப்பிய ஜாஸ் கிதாரைப் புரட்டிப்போட்டார்.

அப்போதுதான் ஒரு பிஸ்கட் டப்பா வெளியே வந்தது. மாஸ்டரின் ஆயுதசாலை. உள்ளே, கார் பெயின்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பர் துண்டுகள், 600-இலிருந்து 2000 வரை. சின்ன பசைக் குழாய்கள். ஆறேழு பிங்பாங் பந்துகள்.

"பந்து எதுக்கு மாஸ்டர்?"

வலக்கை விரல்களை நீட்டினார். பெருவிரல் நகம் மட்டும் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. அது நகமல்ல, பந்து. பந்தின் வளைவும் நகத்தின் வளைவும் ஏறக்குறைய ஒன்று. பிறை மாதிரி வெட்டி, பசை வைத்து ஒட்டி, ராவினால் தந்திக்குக் கண்ணாடி போன்ற விளிம்பு கிடைக்கும். உலகம் முழுக்க கிதார்காரர்கள் செய்வதுதான் இது. 2014-இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் செல்லுலாய்டுக்குப் பதில் வேறு பிளாஸ்டிக் பந்து வந்துவிட்டது. மாஸ்டர் பழைய செல்லுலாய்டு பந்துகளைத் தங்கம்போலப் பூட்டிவைத்திருக்கிறார். மூடப்பட்ட ஒரு விளையாட்டுக் கிளப்பில் வாங்கியவையாம்.

நகத்தைப் பற்றி இருநூறு ஆண்டுச் சண்டை உண்டு. பாரீஸில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு ஸ்பானிய நண்பர்களில், தியோனிசியோ அக்வாதோ நகத்தால் மீட்டினார். பெர்னாந்தோ சோர் நகமே கூடாது, விரல் நுனிச் சதைதான் என்றார். நட்பு முறியவில்லை. சேர்ந்து வாசிக்க 'இரண்டு நண்பர்கள்' என்றே ஓர் இசைப்படைப்பை சோர் எழுதினார். மாஸ்டர் நகக் கட்சி. ஒலிவாங்கிக்கு நகம்தான் பிடிக்கும் என்கிறார்.

"அந்தக் காலத்துல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணா உக்காந்து ஒரே டேக்ல வாசிக்கணும். ஐம்பது பேரு. என் ஒரு நகம் ஒடைஞ்சா ஐம்பது பேருக்கும் மறுபடி டேக்." அதனால் நகத்தைக் குழந்தைபோல வளர்த்தார். சைக்கிள் செயின் மாட்டமாட்டார். கதவுத் தாழ்ப்பாள் தொடமாட்டார்.

காபி கொண்டுவந்த மாஸ்டரின் மனைவி அங்கேயே நின்றுவிட்டார். "இவரு நகம் ஒடையக்கூடாதுன்னு நாப்பத்தி மூணு வருஷமா இந்த வீட்ல பாத்திரம் தேய்க்கறது யாருன்னு கேளுங்க தம்பி. துணி பிழியறது யாரு, தேங்கா துருவறது யாருன்னும் கேளுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையை நீட்டினார். சபீனா பாத்திரத்தூள் தின்ற நுனிகள், சுண்டுவிரல் மூட்டு வீங்கியிருந்தது. மாஸ்டர் பந்தை டப்பாவுக்குள் வைத்து மூடினார். "நெஜம்தான்" என்றார்.

இனி கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இந்தக் கைகளின் உழைப்பு எங்கே போயிற்று? பாடல்பதிவுக் காலத்தில் கால்ஷீட் கணக்கில் காசு. அழைத்துப்போகிறவர் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் கவரை நீட்டுவார். 90-களில் கீபோர்டும் சாம்பிளரும் கிதாரையும் வாசிக்கத் தொடங்கியபோது அந்தக் கவரும் நின்றது. இப்போது ஓர் இணைய வகுப்பு நிறுவனம். மாணவர் கட்டுவதில் கிட்டத்தட்டப் பாதிதான் மாஸ்டருக்கு வருகிறது. அதோடு ஒரு நிபந்தனை: முப்பதே நாளில் முழுப்பாட்டு வாசிக்க வைக்க வேண்டும். ஒரு வாரம் பெருவிரல் மட்டும் என்றால் மாணவர் நட்சத்திரத்தைக் குறைப்பார். நட்சத்திரம் குறைந்தால் அடுத்த மாணவர் வரமாட்டார். மெதுவாகச் சொல்லிக்கொடுப்பதற்குத் தண்டனை! ஸ்பிரிங் விற்றவனும் முப்பது நாள் விற்றவனும் ஒரே கடைக்காரன்தான். என்னைப் போன்ற அவசரக்காரன்தான் இருவருக்கும் முதல். அந்த மூவரில் என்னையும் சேர்த்தே திட்டுகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிதாரோ வீணையோ மிருதங்கமோ, கற்பதென்றால் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் இருப்பார். நேரில் போங்கள். பணத்தை அவர் கையில் கொடுங்கள். பெருவிரலை ஒரு வாரம் ஓட்டச் சொன்னால் ஓட்டுங்கள்.

ஸ்பிரிங் கருவி என் அலமாரியில் கிடக்கிறது. தினம் இருபது நிமிடம் வாசிக்கிறேன். வலி கண்டால் நிறுத்திவிடுகிறேன். ஐந்து மாதமாயிற்று, சாம்பாரைத் தாண்டி ரசம் வரை பேசிக்கொண்டே சக்கரம் ஓடுகிறது. மோதிரவிரல் மேசையில் இன்றும் எழவில்லை. தந்தியில் மட்டும் தன் முறை வரும்போது வருகிறது. அன்று பெரம்பூரிலிருந்து திரும்பிய இரவு முதல் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான். நகம் வளர்வதில்லை, வளர்ந்தாலும் உடைகிறது. பரவாயில்லை. சோர் சதையால்தான் வாசித்தார்.