அக்காவின் சிரிப்பு

சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச நமக்கு வெட்கம் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "எனக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் 160, உங்களுக்கு எவ்வளவு?" என்று விசாரித்துவிட்டு ஜாங்கிரியைக் கையில் எடுக்கிறோம். ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, ஏன், மூலத்தைப் பற்றிக்கூட ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் சொல்லி, பதிலுக்கு ஒரு கைவைத்தியமும் வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். ஆனால், "தும்மினால் எனக்குப் புடவை நனைந்துவிடுகிறது" என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது அபூர்வம். நாவல்களிலும் அப்படித்தான். கதாநாயகிகள் காசநோயால் இருமுவார்கள். கைக்குட்டையில் ரத்தம் தெரியும். இருமும்போது வேறொன்றும் நேரக் கூடும் என்பதை எந்த ஆசிரியரும் எழுத மாட்டார்.

முகம் சுளிப்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். வீட்டில் தாயோ, மாமியாரோ, மூன்று பிள்ளை பெற்ற மனைவியோ இருந்தால் மட்டும் சற்று நின்று படியுங்கள்.

என் அக்காவுக்கு 61 வயது. மாயவரத்தில் இருக்கிறாள். மூன்று பிரசவம், கடைசிப் பெண் நாலு கிலோ கனம், ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அக்காவின் சிரிப்பு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அவள் கூடத்தில் சிரித்தால், கொல்லைக் கிணற்றடியில் இருப்பவர்கள், "என்ன, என்ன?" என்று ஈரக் கையோடு ஓடி வருவார்கள். ஐந்தாறு வருஷமாக அந்தச் சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். வெளிர் நிறப் புடவைகளில் உயிரை வைத்திருந்தவள், கருநீலமும் அரக்கும் தவிர வேறு கட்டுவதில்லை. கும்பகோணத்தில் ஒரு முகூர்த்தம் என்றால் முதல் நாள் மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். பிறகு கும்பகோணம் போவதையே நிறுத்திவிட்டாள். கேட்டால், முழங்கால் வலி என்றாள். முழங்கால் வலி கௌரவமான நோய். யாரும் மேலே கேட்கவில்லை.

பட்டணத்துக்கு வந்து என் வீட்டில் தங்கியிருந்த ஒரு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு சொன்னாள். வெளிச்சத்தில் சொல்லக்கூடிய விஷயமாக அவளுக்கு அது படவில்லை.

"ஒரு ஊர் பேரைச் சொன்னா எனக்கு இப்போ கோயில் ஞாபகம் வரதில்லே. அங்கே கக்கூஸ் எங்கே இருக்குன்னுதான் ஞாபகம் வருது."

முன்பே ஊரில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். "வயசானால் இப்படித்தான் அம்மா, துணி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். வயசானால் கண்ணும்தான் மங்குகிறது. அதற்காகச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கச் சொல்கிறார்களா? கண்ணாடி போட்டு அனுப்புகிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் கை கழுவிக்கொள்கிறார்கள்.

மறு வாரம் அவளை ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் சிறுநீரைப் பரிசோதனை செய்தார். கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாதாம். அவை எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகு, பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவள் காகிதத்தில் படம் போட்டு விளக்கியதை அப்படியே சொல்கிறேன்.

இடுப்பெலும்புக் கூடு அடியில்லாத பாத்திரம். முன்புறம் அடிவயிற்று எலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை தசைகள் ஏணை கட்டியதுபோல் விரிந்து அந்த அடியை மூடுகின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அந்த ஏணையில்தான் இருக்கின்றன. பிரசவத்தின்போது குழந்தை இந்தத் தசைகளைத் தள்ளி விரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. பிறகு வருஷக்கணக்கில் தண்ணீர்க் குடம், விடாத இருமல், மலச்சிக்கல்; தீட்டு நின்றபின் உடம்பில் நேரும் மாறுதல் வேறு. ஏணை தொய்ந்து போகிறது. தும்மும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றிலிருந்து திடீரென்று அழுத்தம் இறங்குகிறது. சிறுநீர்ப் பாதையை அந்தச் சமயத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தசை பிடிப்பதில்லை. இது ஒரு வகை. சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்னாலேயே சுருங்கி, "இப்போதே போ!" என்று விரட்டுவது இன்னொரு வகை. சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் எதுவும் தீராது. சிறுநீர் கடுத்துப்போய் பையை மேலும் உறுத்தும். மலச்சிக்கல் வந்து தசையை மேலும் தளர்த்தும். அக்கா கண்டுபிடித்திருந்த வைத்தியம் அவளுக்கே எதிராக வேலை செய்துகொண்டிருந்தது.

"சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடியுங்கள்" என்றாள் அந்தப் பெண். அக்கா மூச்சைப் பிடித்தாள், வயிற்றை எக்கினாள், தொடையை இறுக்கினாள், புருவத்தைக்கூட நெரித்தாள். இழுக்க வேண்டிய தசை மட்டும் அசையவில்லை. இப்படி நிறையப் பேர் வருகிறார்களாம். கண்ணால் பார்த்தறியாத தசையை எங்கே என்று தேடுவது?

இந்தத் தேடல் புதிதல்ல. அமெரிக்காவில் ஆர்னால்ட் கெகல் என்ற மகப்பேறு மருத்துவர் 1948ல் இந்தத் தசைப் பயிற்சியைப் பற்றி எழுதினார். பயிற்சி அவர் பெயராலேயே வழங்குகிறது. வாயால் சொன்னால் மட்டும் பெண்களுக்குப் பிடிபடுவதில்லை என்று கண்டு, அழுத்தத்தை முள் காட்டும் ஒரு கருவியையும் அவர் செய்தார். தசையைச் சரியாகச் சுருக்கினால் முள் நகரும். பெண் அதைத் தன் கண்ணால் பார்ப்பாள். நம் ஹடயோக நூல்கள் மூலபந்தம் என்று சொல்வதும் இதற்குக் கிட்டத்தட்ட உறவுதான். ஆனால் நோக்கம் வேறு. யோகி பிராணனை மேலே ஏற்றப் பாடுபட்டார். தும்மலுக்குப் பயப்படும் குடும்பஸ்திரீ அவர் நினைவில் இருந்திருக்க நியாயமில்லை.

முள் நகர்வதற்குக்கூட முதலில் தசை கொஞ்சம் அசைய வேண்டுமே. அசையாத தசைக்கு மின்சாரம் என்ற யோசனை பிறகு வந்தது. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் உதறியதை இத்தாலியில் கால்வானி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார். இந்த இடத்துத் தசைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, இங்கிலாந்தைச் சேர்ந்த கால்டுவெல் என்ற அறுவை மருத்துவர். நம் ஒப்பிலக்கணக் கால்டுவெல் அல்ல, இவர் வேறு. உடம்புக்குள்ளேயே மின்முனைகளைப் பதித்து, தளர்ந்த சுருக்குத் தசையை இயக்கிய விவரத்தை 1963ல் அவர் வெளியிட்டார். பிறகு அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே வெளியிலிருந்து செலுத்தும் முறைகள் வந்தன. இப்போது உள்ளங்கையில் அடங்கும் பெட்டியாக வீட்டுக்கே வந்துவிட்டது.

மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள்.

"சுவர்ப் பிளக்கில் சொருகுவது இல்லை அம்மா. பேட்டரிதான்" என்று அந்தப் பெண் அவளை உட்கார வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் நுனியில் விரல் நீளத்தில், உலோகத் தகடு பதித்த வழவழப்பான குழல். அதைப் பிறப்பு வழியில் வைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். ஒருவர் உபயோகித்ததை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். மின்சாரத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக நாமே ஏற்றிக்கொள்ளலாம். வலிக்கக் கூடாது; வலித்தால் குறைத்துவிட வேண்டும்.

முதல் நாள் நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று அக்காவின் குரல் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அடி, யாரோ உள்ளே சுருக்குப் பைக் கயித்தை இழுக்கிறாங்க!" என்று கூவினாள். அது ஆச்சரியக் குரல். அறுபத்தொரு வருஷம் கூடவே இருந்த ஒன்றை அன்றைக்குத்தான் சந்தித்திருக்கிறாள்.

அவளுக்குக் கொடுத்த கணக்கு இது: விநாடிக்கு 50 துடிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ்; ஐந்து விநாடி ஓட்டம், பத்து விநாடி ஓய்வு; தினம் இருபது நிமிஷம்; பன்னிரண்டு வாரம். விரட்டுகிற வகையாக இருந்தால் துடிப்பைப் பத்து, இருபது என்று குறைத்து வைப்பார்களாம். அங்கே பையின் துடிப்பை அடக்குவதுதான் காரியம்.

மாயவரத்தில் பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில். பேரன் பார்த்துவிட்டு, "என்ன பாட்டி இது, ரேடியோவா?" என்று கேட்டதற்கு, "ஆமாம், பாடாத ரேடியோ" என்றாளாம். அத்தானிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குப் பெரிய கவலை. அவர் கணக்கு எழுதியே ஓய்வு பெற்ற மனிதர். பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தினசரிக் காலண்டர் தாளின் மூலையில், அன்றைக்கு அக்கா பெட்டியை வைத்துக்கொண்டால் பென்சிலால் ஒரு கோடு போட ஆரம்பித்தார். முப்பது வருஷக் கதை எழுத்தில் ஒரு கணவனின் அன்பை இவ்வளவு சிக்கனமாக நான் காட்டியதில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து மின்சாரம் இழுக்கும்போது தானும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்று உத்தரவு. ஏழாவது வாரம், பெட்டியில்லாமல் தானே எட்டு முறை. அப்படிக் காலை, மத்தியானம், ராத்திரி. அத்துடன் ஒரு தந்திரம்: தும்மல் வருகிறது என்று மூக்கு சொன்னவுடன் தசையை இறுக்கிவிடுவது. பெட்டி ஒரு நடைவண்டி. குழந்தை நடக்கப் பழகியதும் நடைவண்டி பரணுக்குப் போய்விடும். பிரிட்டனில் மருத்துவ நெறிமுறை வகுக்கும் 'நைஸ்' என்ற அமைப்பு 2019ல் சொன்னதும் இந்த ரீதியில்தான். முதல் வைத்தியம், பயிற்சி தெரிந்தவரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் தசைப் பயிற்சி. தானாகத் தசையைச் சுருக்க முடியாதவர்களுக்கு மின்சாரத்தை யோசிக்கலாம். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை.

இதைச் சொல்லக் காரணம், இந்தப் பெட்டிக்கு இப்போது விளம்பரம் பலமாக இருக்கிறது. "பத்தே நாளில் பூரண குணம், படுத்திருந்தால் போதும்" என்கிறார்கள். பத்து நாளில் எந்தத் தசையும் பலம் பெற்றுவிடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், அந்த இடத்தில் புண்ணோ கிருமியோ உள்ளவர்கள், சிறுநீரில் ரத்தம் காண்பவர்கள் இதைத் தொடவே கூடாது என்பதை விளம்பரக்காரர் பொடி எழுத்தில் போடுகிறார். பரிசோதனை செய்யாமல் பெட்டியை வாங்குவது, கண்ணைக் காட்டாமல் தெருவில் மூக்குக் கண்ணாடி வாங்குவது போலத்தான்.

அங்கே எங்களோடு காத்திருந்த இன்னொரு அம்மாளுக்கு விரட்டுகிற வகை. அவருக்குக் கணுக்காலில் மின்சாரம் கொடுத்தார்கள்! கொலுசு போடும் இடத்துக்குச் சற்று மேலே, உட்புறமாக ஒரு பட்டையை ஒட்டி, அரை மணி நேரம். கணுக்காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அந்த இடத்தில் ஓடும் நரம்பின் வேரும், சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகளின் வேரும் முதுகுத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் சேர்கின்றனவாம். அந்த அம்மாள் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தொடர்கதைப் புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் நானில்லை.

நாலு மாதம் கழித்து மாயவரம் போனேன். அக்கா முற்றிலும் குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். கதையாக இருந்தால் எழுதிவிடுவேன். ஜலதோஷம் பிடித்த நாட்களில் இன்னமும் நாலு சொட்டு போய்விடுகிறது. ஆனால் தண்ணீர் குடிக்கிறாள். கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போய் ஒரு வளைகாப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போன அன்று உடம்பில் இருந்தது சந்தன நிறப் புடவை.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வீட்டு அம்மாள் வந்து, அதையும் இதையும் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த மிஷினை எனக்கு ஒரு பத்து நாள் தர முடியுமா அக்கா?" என்றாள். எப்படித் தெரிந்ததோ! ஒருவேளை பேரன் சொல்லியிருக்கலாம்.

அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. தெருவில் தயிர்க்காரி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"பல் தேய்க்கிற பிரஷை யாராவது கடன் கேட்பாளாடி?" என்று சொல்லிச் சிரித்தாள். உள்ளேயிருந்து அத்தான், "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். "மிஷினெல்லாம் தர மாட்டேன். முதல்லே டாக்டரைப் பார்க்கணும். திங்கட்கிழமை காலையிலே தயாரா இரு. நானே உன்னை அழைச்சுண்டு போறேன்."