அட்டையில் யார்?

பிப்ரவரி 2, 2022, புதன். சித்தூர்

விடிவதற்குள் அக்கா பையனிடமிருந்து போன். திருப்பதி ஹாஸ்டலில் எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்காதவன். "சித்தி, வெஸ்ட்லேண்டை மூடுறாங்களாம்." குரலைக் கேட்டு யாரோ உறவுக்காரர் தவறிவிட்டார் என்றே பயந்துபோனேன்.

அமேசான் நேற்று அறிவித்திருக்கிறது. டாடாவிடமிருந்து 2016இல் வாங்கிய பதிப்பகம். மார்ச்சோடு கடை சாத்தல். அவனுக்குப் பதிப்பகத்தைப் பற்றிக் கவலை இல்லை, அங்கே வரவேண்டிய அமீஷ் திரிபாதியின் நான்காவது ராமாயணப் புத்தகத்தைப் பற்றித்தான். 2015இல் ராமன், 2017இல் சீதை, 2019 ஜூலையில் ராவணன் என்று ஆளுக்கொரு புத்தகம் வந்தது. மூன்றும் வெவ்வேறு பக்கத்திலிருந்து கிளம்பி, சீதையைக் கடத்திப்போகும் இடத்தில் வந்து நிற்கின்றன. போர் நான்காவதில். அதற்காக அவர் வாசகர் கும்பல் இரண்டரை வருஷமாகக் காத்திருக்கிறது.

அம்மா காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "ராவணன் சாகத்தானே போறான்? இதுக்கு எதுக்கு இவ்வளவு பதட்டம்?"

பிப்ரவரி 4, வெள்ளி

பஸ்ஸில் எங்கள் கல்லூரி நூலகர் சந்திரகிரியில் ஏறினார். அவரும் அமீஷ் கட்சிதான். அமீஷின் முதல் புத்தகமான மெலூஹாவைத் தெலுங்கில் படித்தவர். அம்மா படித்தது பவித்ரா ஸ்ரீநிவாசனின் தமிழில், 'மெலூஹாவின் அமரர்கள்'. பையன் ஆங்கிலம். சித்தூரில் இது ஒன்றும் விசேஷமில்லை. 1911 வரை வடஆற்காட்டில் இருந்த ஊர், ஒரே வீட்டில் மூன்று மொழி புழங்கும்.

திருப்பதி வரும்வரை அந்த முதல் புத்தகத்தின் அட்டையைப் பற்றியே பேசினோம். பனிமலையைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் சிவன். முதுகில் தழும்புகள், கையில் திரிசூலம். முகம் கிடையாது. என் கணக்கில் அமீஷின் அட்டைகளிலேயே அதுதான் உசத்தி. முகத்தைக் காட்டாததால் அவரவர் வீட்டுப் பூஜை அறைச் சிவனை அங்கே வைத்துக்கொள்ளலாம். சண்டைக்கு வழியே இல்லை.

நூலகர் சொன்னார்: ஏறக்குறைய இருபது பதிப்பாளர்கள் வேண்டாமென்று தள்ளிய கதையாம் அது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் 2010இல் தாமே வெளியிட ஏற்பாடு செய்து, முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சடித்துப் புத்தகக் கடைக் கல்லாக்களில் இலவசமாக வைத்தாராம். விற்கத் தெரிந்தவர். எழுத்து நடை சுமார்தான். தேவர்களும் அசுரர்களும் மேனேஜர் மீட்டிங் போல விவாதம் செய்வார்கள். பையன் முன்னால் இதைச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 17, வியாழன். திருப்பதி

நேற்று திருமலையில் ஆகாசகங்கை பக்கம் அனுமன் பிறந்த இடத்துக்குப் பூமி பூஜை. போன வருஷம் ஸ்ரீராமநவமி அன்று, அஞ்சனாத்ரி இதுதான் என்று தேவஸ்தானம் அறிவித்தது. ஹம்பிக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஆனேகுந்தியில் ஒரு அஞ்சனாத்ரி இருக்கிறது.

ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சு. கெமிஸ்ட்ரி மேடத்துக்கு அமீஷ் மேல் பழைய கோபம். அவர் கதையில் அனுமன் குரங்கு இல்லை. நாகர் என்று ஒதுக்கப்பட்ட, உடலமைப்பில் வேறுபட்ட மனிதர்களில் ஒருவர். வாயுபுத்திரர் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். சீதைக்கு அண்ணன் முறை. "நம்ம மலைமேல பிறந்த சாமியை இவர் என்ன இஷ்டத்துக்கு மாத்தறது?" என்கிறார். ஆனால் மூன்று புத்தகத்தையும் படித்து முடித்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். நாலாவது எப்போ வருமாம் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

பிப்ரவரி 27, ஞாயிறு

பையன் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வந்தான். ஜனவரியில் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போய் இப்போது நந்தனத்தில் நடக்கிறது. மூன்று ராமாயணப் புத்தகங்களிலும் இன்னொரு பிரதி வாங்கி வந்திருக்கிறான். ஏற்கெனவே இருக்கிறதேடா என்றால், "சித்தி, பழைய அட்டை இனிமே கிடைக்காது" என்கிறான்.

அவன் துக்கம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அமீஷ் வேறு பதிப்பகத்துக்குப் போவார், புத்தகம் எப்படியும் வரும். அவர் லண்டனில் நேரு மையத்தின் இயக்குநராக உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு என்ன குறை? ஆனால் புத்தகத்தின் முதுகில் முத்திரை மாறும், எழுத்து மாறும், உயரம்கூட அரை விரல் மாறலாம். அலமாரியில் மூன்று ஒரு மாதிரி, நாலாவது ஒரு மாதிரி. அக்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செட்டுப் பாத்திரத்தில் ஒன்று தொலைந்தால் அவள் ஒரு வாரம் பேசமாட்டாள்.

மார்ச் 13, ஞாயிறு. ஸ்ரீகாளஹஸ்தி

அம்மாவுக்கு ராகு கேது பூஜை. முடிந்ததும் கலம்காரி எழுதும் ஒரு வீட்டுக்குப் போனோம். மூங்கில் குச்சி முனையில் துணி சுற்றி, மசியில் தோய்த்து, கையாலேயே கோடு இழுக்கிறார்கள். சுவரில் ஒரு முழு ராமாயணம் தொங்கியது. சுற்றிலும் கட்டம் கட்டமாகக் கதை, ஒவ்வொன்றின் கீழும் தெலுங்கில் ஒரு வரி. நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரியதாக, பட்டாபிஷேகம்.

அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். முடிவைத்தான் முதலில் காட்டுகிறார்கள், அதுவும் நட்ட நடுவில். பார்க்கிறவனுக்கு அது தெரியாத விஷயமே இல்லை என்பதால் மறைக்க வேண்டிய அவசியம் எழுதுகிறவருக்கு இல்லை. அவர் திறமை முழுக்க ராமனின் நீலம் எவ்வளவு ஆழம், ராவணன் முகத்தில் எவ்வளவு சிவப்பு என்பதில் போகிறது.

அம்மா அன்று கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருந்தது. ராமாயணத்தில் யார் சாவான் என்று தெரிந்துகொள்ள ஒருவனும் காத்திருக்க மாட்டான். எழுதுகிறவன் ராவணனை எப்படிப் பார்க்கிறான், சீதையை எப்படி நிற்க வைக்கிறான் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறார்கள். அதற்கு முதல் துப்பு அட்டை. வேறு மாயக்கதைகளுக்கு முடிவைச் சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போகும். இதற்கு அட்டையைச் சொல்லிவிட்டால் பாதி போய்விடும். சீதை கையில் ஆயுதத்தோடு அட்டையில் நின்றபோதே அந்தப் புத்தகம் என்ன சொல்லப்போகிறது என்று தெரிந்துபோயிற்றே.

அம்மாவுக்கு ஒரு சின்ன கலம்காரித் துணி வாங்கினேன். விலை கேட்டு முணுமுணுத்தாள்.

மார்ச் 31, வியாழன்

வருஷக் கணக்கு முடிக்கும் நாள். ஆபீசில் தலைக்கு மேல் வேலை. பையனிடமிருந்து ஒரு மெசேஜ்: "வெஸ்ட்லேண்டுக்கு இன்னிக்கு கடைசி." பதில் போட நேரமில்லை.

ஏப்ரல் 4, திங்கள்

இன்று முதல் திருப்பதி தனி மாவட்டம். பதின்மூன்று மாவட்டம் இருபத்தாறாகிவிட்டது. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று, நெல்லூர்ப் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டா திருப்பதிக்கு வந்திருக்கிறது. நான் இனி ஒரு மாவட்டத்தில் தூங்கி இன்னொரு மாவட்டத்தில் வேலை பார்ப்பவள். பஸ் அதேதான், கூட்டமும் அதேதான்.

நூலகர் உற்சாகமாக இருந்தார். ஏழுமலையானும் ராக்கெட்டும் இப்போது ஒரே மாவட்டம், அமீஷுக்கு ஏற்ற இடம் என்கிறார். அமீஷ் புஷ்பக விமானத்தைச் சுழல் இறக்கைகள் வைத்த ஹெலிகாப்டர் மாதிரிதானே எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 10, ஞாயிறு. ஸ்ரீராமநவமி

திருப்பதி கோதண்டராமர் கோயில். வெயில் பொறுக்க முடியவில்லை. பானகத்துக்கு நின்ற வரிசையிலேயே எல்லோரும் மாட்டினார்கள்: பையன், நூலகர், கெமிஸ்ட்ரி மேடம். கோயில் வெளியே நிழலில் உட்கார்ந்து ஒரே சண்டை. நாலாவது அட்டையில் யார் இருக்கப்போகிறார்கள்?

பையன்: "ராமனும் ராவணனும் நேருக்கு நேர். வேற எப்படி போடுவாங்க?" நூலகர் சீதை மட்டும் என்றார், போரே அவளுக்காக என்பது அவர் வாதம். அவளுக்குத்தான் ஏற்கெனவே ஒரு அட்டை கொடுத்தாயிற்றே என்று மேடம் மடக்கினார். மேடத்தின் ஓட்டு அனுமனுக்கு, அதுவும் ஒழுங்கான வாலோடு. நான் கடலும் பாலமும் போதும், ஆளே வேண்டாம் என்றேன். யாரும் மதிக்கவில்லை.

அம்மா கோசுமல்லியை மென்றுகொண்டே, "கும்பகர்ணன்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "அண்ணன் பண்றது தப்புன்னு தெரிஞ்சே போய் சாகிறான். அவனை யாரு அட்டையில போட்டிருக்காங்க இதுவரைக்கும்?"

பந்தயம் என்று ஆகிவிட்டது. தோற்றவர்கள் சேர்ந்து, ஜெயித்தவருக்குப் புது முத்திரையோடு நாலு புத்தகமும் வாங்கித்தர வேண்டும். பையன் புது முத்திரை செட் தனக்கு வேண்டவே வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிறான். அம்மா வேறு கேட்டாள்: "எனக்கு இங்கிலீஷ் புஸ்தகம் எதுக்கு? தமிழ்ல வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகும். நான் ஜெயிச்சா நீ தினம் ராத்திரி போன்ல ஒரு அத்தியாயம் படிச்சுச் சொல்லணும்."

"சரி அம்மம்மா. ஆனா சண்டை வர்ற அத்தியாயத்தை லீவுல வந்து நேர்ல சொல்றேன், போன்ல முடியாது."

"அப்ப தசராவுக்கு வந்துடு" என்றாள் அம்மா. புத்தகம் அதற்குள் வந்துவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.