மலிவான நிழல்

225 கோடி டாலர் என்னும் தொகையை முதன்முதலாக வாசித்தபோது நமக்குள் எழுந்தது அச்சமன்று, நிம்மதியே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் மேல்வளி அடுக்கில் விமானங்கள் மூலம் கந்தகத் துகள்களைப் பரப்பி, கதிரவன் ஒளியில் ஒரு சிறு பகுதியை விண்வெளிக்கே திருப்பிவிடலாம். புவி வெப்பம் ஏறும் வேகத்தை அதனால் பாதியாக்கலாம். முதல் 15 ஆண்டுகளில் இதற்கான செலவு ஆண்டொன்றுக்குச் சராசரி அவ்வளவுதான் என்று வேக் ஸ்மித், கெர்னாட் வாக்னர் என்னும் ஆய்வாளர் இருவர் 2018-இல் மதிப்பிட்டிருந்தனர். நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிட உலகம் செலவிட வேண்டியதோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. வீட்டுக் கணக்கில் மலிவையே தேடிப் பழகிய நம் மனம் இளகியதில் வியப்பில்லை.

இது வெறுங்கற்பனையும் அன்று. 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன் கந்தக டை ஆக்சைடை வானில் உமிழ்ந்தது. மறு ஆண்டு உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் தணிந்தது. இயற்கையே நடத்திக் காட்டிய சோதனை என்பர் அறிவியலார். அன்று மலையடிவாரத்தில் புயலும் வீசியது. மழையில் ஊறிக் கனத்த சாம்பல் கூரைகளை வீழ்த்த, உள்ளே இருந்தோர் பலர் மாண்டனர். மலைச்சரிவில் வாழ்ந்த அயேட்டா பழங்குடியினர் முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். அங்கே தட்டம்மை அவர்தம் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. விமானம் தூவப்போகும் துகளுக்கும் இச்சாவுகளுக்கும் தொடர்பில்லைதான். ஆயினும் 'உலகச் சராசரி' என்ற சொல்லுக்குப் பின்னே எத்தனை பேர் மறைந்துபோகிறார்கள் என்று அப்போதுதான் எண்ணத் தொடங்கினோம்.

புகையைக் குறைக்கும் முயற்சியில், 'பிறர் செய்யட்டும்' என்று ஒவ்வொரு நாடும் காத்திருப்பதே நோய். இங்கோ நோய் தலைகீழானது. செலவு குறைவாதலால் ஒரே நாடு முனைந்தாலும் போதும். அனைவருக்குமான குளிரை அதுவே முடிவுசெய்துவிடும். பொருளியல் அறிஞர் மார்ட்டின் வைட்ஸ்மன் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் 'சீட்டில்லா ஓட்டுநர்' எனலாம். சீட்டு வாங்காமல் ஏறும் பயணியைவிட, எவரையும் கேளாமல் ஓட்டுநர் இருக்கையில் அமர்பவனே பேருந்துக்கு ஆபத்தானவன்.

தொடங்கியதை நிறுத்துவதும் எளிதன்று. துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழிறங்கிவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். புகையைக் குறைக்காமல் தூவிக்கொண்டே சென்று, போரினாலோ பொருள் நெருக்கடியாலோ இடையில் நிறுத்திவிட்டால், அடக்கி வைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே பாய்ந்து வரும். கடல்நீர் அமிலமாவதையோ இந்த நிழல் தடுப்பதே இல்லை. 2006-இல் இவ்வழியை ஆராயச் சொன்ன நோபல் அறிஞர் பால் குருட்சன்கூட, இதற்குத் தேவையே எழாதிருக்க வேண்டுமென்றுதான் விரும்பினார்.

நம்மை மிகவும் உறுத்துவது ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதி. வட அரைக்கோளம் மட்டும் குளிர்ந்தால் மழைப்பட்டை தெற்கே நகர்ந்துவிடும். 1900 முதல் 2010 வரை சாகேல் கண்ட மிக வறண்ட நான்கு கோடைகளில் மூன்றுக்கு முன்னர் வட அரைக்கோளத்தில் பெரும் எரிமலை வெடிப்பு நிகழ்ந்திருந்ததை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. நாளை வடக்கில் ஒரு நாடு துகள் தூவி, மறு ஆண்டு அங்கே கம்புப் பயிர் கருகினால், அந்த உழவர் எந்த மன்றத்தில் முறையிடுவார்? தூவியதால் வந்த வறட்சியா, தானே வந்த வறட்சியா என்பதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? விமானமும் எரிபொருளும் துகளும் அடங்கிய அந்த 225 கோடியில், அவருக்கென ஒரு டாலரும் ஒதுக்கப்படவில்லை.