ஒருவர் மீண்டால் ஊருக்கே லாபம்

"குடி குடியைக் கெடுக்கும்." தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கையைப் படிக்காதவர் யார்? ஆனால் படித்துத் திருந்தியவர் எத்தனை பேர்? எச்சரிக்கை வேறு, சிகிச்சை வேறு.

"மனசு வைத்தால் விட்டுவிடலாமே" என்று பலரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மதுவுக்கு அடிமையாவது ஒரு நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சில சமயம் உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவர் தேவைப்படுகிறார்.

சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன், கணவரை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். தனக்கு நேர்ந்தது மற்ற குடும்பங்களுக்கு நேரக்கூடாது என்று 1980ல் ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய டி.டி.கே. மருத்துவமனை. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சரி, கிராமத்துக் கூலித் தொழிலாளி வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து தங்க முடியுமா? முடியாது. அதனால் சிகிச்சையே கிராமத்துக்குப் போனது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடியில் இந்த மருத்துவமனை முகாம்கள் நடத்தியது. இடம் தருவது முதல் ஆட்களை அழைத்து வருவது வரை ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள். குடித்தவருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் ஆலோசனை தரப்பட்டது. முகாம் முடிந்த பிறகும் கண்காணிப்பு தொடர்ந்தது.

ஊர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? யோசித்துப் பாருங்கள். ஒருவர் குடியை விட்டால் அவருடைய கூலி வீட்டு அரிசிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போகிறது. மளிகைக்கடைக் கடன் அடைகிறது. ராத்திரி அடிதடி இல்லாமல் அக்கம்பக்கத்தார் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சாலையில் போதையில் வண்டி ஓட்டுபவர் ஒருவர் குறைகிறார். அரசு மருத்துவமனையில் கல்லீரல் கெட்டுப் படுத்திருக்க வேண்டியவர் வேலைக்குப் போகிறார். சிகிச்சை ஒருவருக்கு, பலன் இத்தனை பேருக்கு!

"குடித்துக் கெட்டவனுக்கு எதற்கு நம் வரிப்பணம்?" என்று கேட்பவர்களும் உண்டு. மது விற்பனையால் தமிழக அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அதில் அந்தக் குடிகாரரின் கூலியும் இருக்கிறது. அவர் சிகிச்சைக்குச் செலவிடுவது தர்மம் அல்ல, பாக்கியைத் திருப்பித் தருவது.

சிகிச்சை பெற்ற எல்லோரும் உடனே மீண்டுவிடுவதில்லை. சிலர் மறுபடி குடிக்கத்தான் செய்கிறார்கள். சர்க்கரை ஏறினால் நோயாளியைத் துரத்திவிடுகிறோமா? மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். இங்கேயும் அதேதான். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

குடி என்ற சொல்லுக்குக் குடும்பம் என்றும் பொருள், ஊர் மக்கள் என்றும் பொருள். ஒருவர் குடித்தால் இருவருக்கும் கேடு என்றால், அவர் மீண்டால் இருவருக்கும் வாழ்வு!