பி வெர்னியர் எதற்கு?

சிவில் படிக்கும் பசங்களுக்கு சர்வே பிராக்டிகல் என்று ஒன்று உண்டு. மதுரைப் பக்கம் என்றால் காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். முக்காலியில் தியோடலைட்டை நிறுத்தி, ஒரு பக்கம் யானைமலை உச்சி, இன்னொரு பக்கம் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக் கலசம் என்று குறி வைத்து, இடையில் உள்ள கோணத்தை அளக்க வேண்டும்.

கருவியில் டிகிரி குறித்த ஓர் உலோக வட்டம் இருக்கும். அதைப் படிக்க எதிரும் புதிருமாக இரண்டு வெர்னியர்கள்: ஏ, பி. இரண்டையும் படித்து சராசரி எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நடப்பது என்ன? ஒருத்தன் ஏ-யை மட்டும் படிப்பான். அதோடு 180 டிகிரியைக் கூட்டி பி-க்கு எழுதிவிடுவார்கள். ரீடிங்கும் அழகாக ஒத்துப் போகும், மார்க்கும் விழும்!

சரி, அந்த பி-யை எதற்கு வைத்தார்கள்? பதில் பள்ளிக்கூட ஜியோமெட்ரியில் இருக்கிறது.

ஒரு வட்டம் வரையுங்கள். அதற்குள் AB, CD என்ற இரண்டு நாண்கள் P என்ற புள்ளியில் வெட்டட்டும். P மையமாக இருக்க வேண்டியதில்லை. இப்போது A-யையும் D-யையும் சேர்த்தால் APD என்ற முக்கோணம் கிடைக்கும். APC அதன் வெளிக்கோணம். ஆகவே அது A-யிலும் D-யிலும் உள்ள உட்கோணங்களின் கூடுதல். அவை இரண்டும் வட்டத்தின் மேல் அமைந்த கோணங்கள். ஒன்று BD வில்லில் பாதி, மற்றது AC வில்லில் பாதி. அவ்வளவுதான்: கோணம் APC = இரண்டு விற்களின் சராசரி. (P வட்டத்துக்கு வெளியே போனால் கூடுதலுக்குப் பதில் வித்தியாசத்தில் பாதி.)

தியோடலைட்டில் P என்பது கருவி சுழலும் அச்சு. அச்சும் வட்டத்தின் மையமும் அச்சு அசலாக ஒரே புள்ளியில் அமைவது நடக்காத காரியம். முதல் குறிக்கு வெர்னியர்கள் A, B-யில் நிற்கும். திருப்பியதும் C, D-க்குப் போகும். உண்மைக் கோணம் 60 டிகிரி என்றால் ஒரு வெர்னியர் 40 விநாடி கூடுதலாகவும் மற்றது 40 விநாடி குறைவாகவும் காட்டலாம். சராசரி எடுத்தால் சரியாக 60.

இதென்ன பெரிய பிழையா என்று கேட்கலாம். 6 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் மையம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினாலே ரீடிங்கில் 34 விநாடி வரை பிசகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அது சுமார் 16 செ.மீ. வரப்புத் தகராறில் வெட்டுக்குத்து வரை போகிற ஊரில் 16 செ.மீ. சின்ன விஷயம் இல்லை.

இந்தத் தேற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மையம் விலகினால் மன்னிக்கும். வட்டமே நெளிந்தால் மன்னிக்காது. மதுரையில் ஏறி நின்று பார்க்கக் குன்றுகள் இருக்கின்றன, தஞ்சாவூர் சமவெளியில் இல்லை. அதனால் 1808-ல் வில்லியம் லாம்டன் தன் தியோடலைட்டைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றப் பார்த்தார். சுமார் அரை டன் எடை, 3 அடி விட்டமுள்ள வட்டம். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது, வட்டம் நெளிந்தது. 1802-ல் சென்னையில் தொடங்கிய சர்வே அத்தோடு நின்றிருக்க வேண்டியது. லாம்டன் கருவியை அக்கக்காகக் கழற்றி, பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் வைத்து உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதில் பொருத்தினார். ஆறு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் வேலை தொடர்ந்தது.

இன்று களத்தில் டோட்டல் ஸ்டேஷன் வந்துவிட்டது. பிராக்டிகலில் பழைய தியோடலைட் இருந்தால், பி-யையும் குனிந்து பாருங்கள். ஏ-யோடு 20, 40 விநாடி ஒத்துப் போகவில்லையா? அப்படியே எழுதுங்கள். அதைச் சரி செய்யத்தான் சராசரி. 180-ஐக் கூட்டி எழுதிய பி-யால் எந்தப் பிழையையும் காட்டிக்கொடுக்க முடியாது.