பாத பூஜை

தினந்தோறும் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு பாத பூஜை நடைபெறுகிறது. பூஜை செய்பவனும் நானே; பூஜிக்கப்படும் பாதங்களும் என்னுடையவையே. 'இவ்வளவு தற்பெருமை பிடித்த உபாத்தியாயரா!' என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். எனக்கு ஒன்பது வருஷங்களாகச் சர்க்கரை வியாதி.

இந்த வியாதிக்காரனைக் கண்டால் ஊரார் வாயைப் பற்றியே விசாரிக்கிறார்கள். காப்பிக்குச் சர்க்கரை உண்டா, பாயசம் ஒரு கரண்டி விடலாமா என்று கேட்பார்கள். அதுவும் அவசியந்தான், சோற்றின் அளவையும் மருந்து வேளையையும் மறந்தவனுக்குப் பாத பூஜையால் மட்டும் என்ன பலன்? ஆனால், கால் என்று ஒன்று இருப்பது ஒருவர் நினைவுக்கும் வருவதில்லை.

கும்பகோணத்தில் இருந்த என் பெரியப்பாவுக்கும் இதே வியாதி. ஒரு சித்திரை மாதத்து உச்சி வேளையில் அவர் வெறுங்காலுடன் கோயில் பிராகாரத்தை மூன்று முறை வலம் வந்தார். மற்றவர்களெல்லாம் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓட, அவர் மட்டும் ஆற்று மணலில் உலாவுகிறவரைப் போல நிதானமாக நடந்தார். "என்ன பக்தி!" என்று கண்டவர்கள் வியந்தார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். நான்காம் நாள் படுக்கை விரிப்பில் கறையைக் கண்ட பிறகே பெரியம்மா அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்குள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பக்தி என்று ஊர் கொண்டாடியது, நரம்புகள் உணர்விழந்திருந்த நிலை.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. உடம்பில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகையால் பெரும்பாலும் கேடு அங்கேதான் தொடங்குகிறது. இரத்த ஓட்டமும் குறைந்துவிட்டால் சிறு கொப்புளங்கூட ஆறாத புண்ணாகிவிடும். வலியை நாம் சத்துரு என்று எண்ணுகிறோம். 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்குப் பெருங்காரணம் வலி தெரியாமையே என்று கண்டறிந்தார். அந்நோயாளருக்காக வழக்கத்துக்கு வந்த மெத்தென்ற எம்.ஸி.ஆர். ரப்பர்ச் செருப்பு இன்று எங்கள் இனத்தாருக்கும் உதவுகிறது. (எம்.ஜி.ஆர். அல்ல, என் பையன் அப்படித்தான் படித்தான்.)

வருஷத்துக்கு ஒரு முறையேனும் டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லி, பத்துக் கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார். 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையை எலும்பின்மேல் வைப்பார். பௌதிக வகுப்பில் நான் தட்டிக் காட்டுகிற கருவி என் கட்டை விரலையே பரீட்சை செய்வது வேடிக்கைதான். சென்ற முறை இடது காலில் இரண்டிடங்களில் இழை தொட்டது எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு வேடிக்கையாக இல்லை.

ஆகவே, உணர்வு செய்யாத வேலையைக் கண் செய்யவேண்டும். தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரலிடுக்குகளுக்கு மகள் விளக்குப் பிடிக்கிறாள். கழுவும் நீரின் சூட்டை முழங்கையால் சோதித்து, இடுக்குகளில் ஈரமின்றித் துடைத்து, வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறேன். இடுக்கில் மட்டும் எண்ணெய் கூடாது. நகத்தை நேராக வெட்டுவேன். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடைப் பிளாஸ்திரியை ஒட்டிக் கரைப்பதும் எங்களுக்கு ஆகவே ஆகா. கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால், மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு நாலு நாள் காத்திராமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். செருப்புக்குள் கையை விட்டுப் பார்க்காமல் காலை விடுவதில்லை. புதுச் செருப்பை மாலையில்தான் வாங்குவேன்; அப்போதுதான் கால் சற்று வீங்கி இருக்கும்.

கோயிலை நான் விடவில்லை. கல் குளிர்ந்திருக்கும் காலை ஆறு மணிக்குத் தடித்த காலுறையுடன் போகிறேன்; எங்கள் ஊர் அர்ச்சகர் ஆட்சேபிக்கவில்லை. எனக்காக என் மனைவி வேண்டிக்கொண்ட அங்கப் பிரதட்சிணம் மட்டும் பாக்கி நிற்கிறது. அதில் பாதத்துக்கு வேலையே இல்லையே என்று அவள் வாதிக்கிறாள்.