ஆறு மணிக்குத் திறக்கும் மலை

பண்ணாரி சோதனைச்சாவடியில் எங்கள் பேருந்து வந்து நின்றபோது ஆறாக இன்னும் கால் மணி இருந்தது. மார்கழிப் பனி. சாலையோரம் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில்வரை வரிசை கட்டியிருந்தன. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீ குடிக்கும் ஓட்டுநர்கள், டயரைத் தட்டிப் பார்க்கும் கிளீனர்கள். அம்மனைக் கும்பிட்டு வந்தவர்களின் நெற்றியில் புற்றுமண் இருந்தது. இந்தக் கோயிலில் திருநீற்றுக்குப் பதில் மண்தான் கொடுப்பார்கள். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறப் போகிறவர்கள் அதை அழுத்தியே பூசிக்கொள்கிறார்கள்.

மணி ஆறானதும் தடுப்புக் கம்பம் மேலே போனது. அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். இரவெல்லாம் காத்துக் கிடந்த வண்டிகள் முதல் வளைவுக்குள்ளேயே ஒன்றை ஒன்று முந்தப் பார்த்தன.

"எல்லா நாளும் இப்படித்தானுங்களா?" என்று நடத்துநரைக் கேட்டேன்.

"கேட்டு தொறந்தா பந்தயக் குதிரையாட்டந்தானுங்க. அந்தண்ட போய்ச் சேரோணுமல்லங்க" என்றார் சீட்டைக் கிழித்தபடி.

எனக்கு அந்த ஆறு மணியின் மேல்தான் யோசனை போனது. இரவு மேய்ந்த மான்களும் காட்டெருமைகளும் புதருக்குத் திரும்புகிற நேரம் விடியற்காலை. சாயங்காலம் ஆறு மணி அவை வெளியே கிளம்புகிற நேரம். இரவில் வண்டிகளை நிறுத்தக் கடிகாரத்தைப் பார்த்து நாம் போட்ட எல்லை, காட்டின் இரண்டு பரபரப்பான வேளைகளின் மேலேயே சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. தடையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அரை மணி தள்ளித் திறந்தால் என்ன, திறந்ததும் பத்துப் பத்து வண்டியாக விட்டால் என்ன என்றுதான் கேட்கத் தோன்றியது.

இந்தத் தடைக்கும் ஒரு கதை உண்டு. பண்ணாரியிலிருந்து கர்நாடக எல்லையை ஒட்டிய காராப்பள்ளம்வரை இரவில் வண்டிகள் போகக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் 2019-லேயே அறிவித்தது. அறிவிப்பு காகிதத்திலேயே தூங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 பிப்ரவரி 10 முதல் அதற்கு உயிர் வந்தது. கோவையையும் பெங்களூரையும் சத்தியமங்கலம் வழியாக இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இது; பழைய எண் 209, இப்போது 948. சாலைக்கு இரு பக்கமும் விரிந்து கிடப்பது 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013-இல் அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் தோளோடு தோள் உரசும் இடம். மேற்கே முதுமலை, பந்திப்பூர். வடக்கே பிலிகிரிரங்கன் மலை. கோடையில் பவானிசாகர் அணையின் நீரோரத்துக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் இறங்கும் யானைகள், மழை விழுந்து புல் துளிர்த்ததும் மேட்டுக்கு ஏறுகின்றன. வலசை என்று நாம் சொல்வது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

வளைவுகள் முடியும் திம்பத்தை நெருங்கும்போது பேருந்து நின்றுவிட்டது. மேல் வளைவில் ஒரு லாரி அச்சு முறிந்து, பின்பக்கம் பள்ளத்தையும் முன்பக்கம் பாறையையும் பார்த்தபடி குறுக்கே கிடந்தது. எங்களுக்கு முன்னால் இருபது வண்டி, பின்னால் எத்தனை என்று தெரியாது. கிழங்கு மூட்டைகளோடு ஒரு சரக்கு வண்டி, கல்யாணத்துக்குப் போகும் ஒரு வேன். வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் குரங்குகளுக்குப் பிஸ்கட் போட ஆரம்பித்தார்கள். போடாதீர்கள் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழேயே. இப்படிப் பழகிய குரங்குகள்தான் வண்டியைக் கண்டதும் சாலைக்கு ஓடி வந்து சக்கரத்தில் மாட்டுகின்றன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேனில் இருந்த பாட்டி என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கீழே மூங்கில் புதருக்குள் மளமளவென்று கிளை ஒடிந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். மறுபடி ஒரு முறிவு, பிறகு உறுமலும் பெருமூச்சும் கலந்த ஒரு சத்தம். நடத்துநர், "ஏறிக்கோங்க, எல்லாரும் ஏறிக்கோங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் யானைகள் மேலே வரப் பார்த்தன, சாலையை அடைத்து நின்ற எங்களைக் கண்டு தயங்கின என்பது அந்தச் சத்தம் போய் வந்த விதத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது பள்ளத்துக்குள் தேய்ந்தது. ஓடும் வண்டிகளுக்கு நடுவே யானைக்கு ஓர் இடைவெளியாவது கிடைக்கும். நிற்கும் வரிசை மதில் மாதிரி.

நான் பார்க்கப் போன தாளவாடி நண்பர் ஆசனூரில் காத்திருந்தார். சமவெளியில் பிறந்த எனக்கு, மலைமேல் இன்னொரு சமவெளி இருப்பது ஒவ்வொரு முறையும் வியப்புதான். தாளவாடி தமிழ்நாட்டுத் தாலுகா, காதில் விழுவதில் பாதி கன்னடம். தக்காளி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கரும்பு. விளைகிற எல்லாமே நான் வந்த அந்த வளைவுகளில் இறங்கித்தான் சந்தைக்குப் போயாக வேண்டும்.

"உனக்கென்ன, யானை நல்லா இருக்கோணும்னு எழுதிட்டுப் போயிருவே. ராத்திரி ஏத்துனாத்தான் தக்காளி காலைச் சந்தைக்குப் போகும்" என்றார் நண்பர். தடை வந்தபோது இவர்கள் கடையடைத்துப் போராடியவர்கள். பிறகு உள்ளூர்க்காரர்களுக்கும் அவசரத்துக்கும் விலக்குக் கிடைத்தது; பன்னிரண்டு சக்கர லாரிகளுக்கும் அதைவிடப் பெரியவற்றுக்கும் மலைப்பாதை மூடப்பட்டது.

நான் காலையில் சிக்கிய கதையைச் சொன்னேன். திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்த அவர் அப்பா குறுக்கிட்டார்.

"தம்பி, பிரசவ வலின்னா ஆம்புலன்சை எந்த கேட்டும் நிறுத்தாதுங்க. குறுக்க உழுந்த லாரிதான் நிறுத்தும்."

காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்ததைப் பெரியவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதிக பாரம் ஏற்றி வளைவில் மடங்கிய வண்டி, கர்ப்பிணியையும் கன்றோடு வரும் யானையையும் ஒரே இடத்தில்தான் நிறுத்துகிறது. மனிதருக்கா விலங்குக்கா என்று மேடை போட்டுக் கத்துகிறவர்கள் ஒரு நாள் அந்த வளைவில் வந்து நிற்கலாம்.

கரும்பைப் பற்றியும் அவரிடம்தான் கேட்டேன். இங்கிருந்தும் சாமராஜநகர்ப் பக்கமிருந்தும் கரும்பு லாரிகள் கீழே ஆலைக்கு இறங்குகின்றன. உயரமாக அடுக்கிய கட்டிலிருந்து சிந்துவதைப் பொறுக்க யானைகள் முதலில் சாலையோரம் வந்தன; அப்புறம் லாரியையே மறித்து உருவக் கற்றுக்கொண்டன. குட்டிகள் தாயைப் பார்த்துப் படித்தன. உயரத்தைக் கட்டுப்படுத்த காராப்பள்ளம் சோதனைச்சாவடியில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்தார்கள். ஓட்டுநர் பாசத்தில் தூக்கிப்போட்ட ஒரு கட்டுக் கரும்புக்கு அடுத்த மாதம் வேறொருவர் கண்ணாடி உடைந்து விலை கொடுக்கிறார். சாலை தானாகவும் விருந்து வைக்கிறது. விலங்கு தெரிய வேண்டுமென்று ஓரத்து உண்ணிச்செடியை வெட்டினால், அந்த இடத்தில் இளம்புல் முளைத்து மான்களை அழைக்கிறது. பகலில் காய்ந்த தார் இரவில் விடும் வெப்பத்துக்குப் பாம்பும் பக்கிக்குருவியும் வந்து படுக்கின்றன.

வேறு வழி இல்லாமல் இல்லை. கன்னியாகுமரிக்கு வரும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலை, மத்தியப்பிரதேச–மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் காட்டைக் கடக்கும்போது தூண்களின் மேல் ஏறிக்கொள்கிறது; அடியில் புலி நடந்து போவதைக் கேமராக்கள் பதிந்திருக்கின்றன. திம்பத்தின் செங்குத்துச் சரிவில் அதற்கு இடமில்லை. பந்திப்பூர் வேறு பாதையில் போனது: 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை மூடல், சில பேருந்துகளுக்கு மட்டும் அனுமதி. வயநாட்டில் அதை எதிர்த்து உண்ணாவிரதமெல்லாம் நடந்தது. ஆனாலும் காடு இரவில் காடாக இருக்கிறது. எனக்கு அதுவே சரியென்று படுகிறது. அடிவாரத்தில் தக்காளிக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கும் நியாயமான விலையும் தந்துவிட்டு, இரவைக் கேட்கலாம்.

மறுநாள் மாலை திரும்பும்போது ஆசனூரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்கூட வரவில்லை. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, பேருந்தைச் சாலைக்குக் குறுக்காகச் சாய்த்து நிறுத்தினார். பின்னால் வந்த கார் ஹாரனை அடித்தது. முந்த இடமில்லை, அதற்காகத்தான் அப்படி நிறுத்தியிருந்தார். நடத்துநர் இறங்காமல் படியில் நின்றபடியே காரை நோக்கிக் கையைத் தாழ்த்திக் காட்டினார்.

முதலில் ஒரு கிழட்டுப் பெண் யானை. தாரில் ஒரு காலை வைத்து நின்றது, துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் முகர்ந்தது. பிறகு நான்கைந்து, நடுவில் கால்களுக்குள் மறைந்து போன ஒரு குட்டி. எண்ணி முடிப்பதற்குள் அப்பால் இறங்கிவிட்டன. கடைசியாக வந்த இளசு மட்டும் அவசரப்படவில்லை. சாலையோரத்தில் துழாவி, நசுங்கிக் கிடந்த ஒரு கரும்புச் சக்கையை எடுத்து, உதறி, வாயில் போட்டுக்கொண்டு போனது.

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. ஓட்டுநர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கும்ங்க" என்றார்.